சீட்டில் உட்கார்ந்திருப்பது யார்?

ஆயுத பூஜை அன்றைக்குக் காருக்குப் பொட்டு வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். டேஷ்போர்டுக்கு ஸ்டிக்கர் பொட்டு வைத்தது அநேகமாக எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு. ஒருத்தர் உட்கார்ந்திருக்க, அவர் முகத்துக்கு எதிரே பெரிய பந்து இருக்கிற மாதிரி படம். சாவியைத் திருப்பினால் எரியும், ஐந்தாறு விநாடியில் சமர்த்தாக அணைந்துவிடும். ஒரு நாள் அது அணையவில்லை. நானும் கவனித்தேன். கவனித்துவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிற எவனும் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். மாசக் கடைசி முடியட்டும் என்று விட்டுவிட்டேன். முடிந்தது. அடுத்த மாசக் கடைசி வந்தது. ஒரு ராத்திரி, 'இந்த வெளிச்சம் வேற கண்ணைக் குத்துது' என்று முணுமுணுத்தேன். பக்கத்து சீட்டில் இருந்த மனைவி, நெற்றியில் இருந்த பொட்டை எடுத்து விளக்கின் மேல் ஒட்டிவிட்டாள்.

"பாருங்க, ரிப்பேர் ஆயிடுச்சு."

நானும் ரொம்ப சந்தோஷப்பட்டேன். வொர்க்ஷாப் போயிருந்தால் ஒரு நாள் லீவ் போயிருக்குமே!

போன லீவில் அக்கா மகனைக் கூட்டி வர அமராவதி நகர் போனோம். தெரியாதவர்களுக்கு: உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு ரோட்டைப் பிடித்துப் போய், அணைப் பக்கம் திரும்பினால் அமராவதி நகர். 1957-ல் கட்டிய அணை, 1962-ல் ஆரம்பித்த சைனிக் பள்ளி, ஒரு முதலைப் பண்ணை, அணை மீன் வறுவல். இந்த நாலில் பையன் இரண்டாவதில் படிக்கிறான், பதினொன்றாம் வகுப்பு. மாமாவான எனக்கு நாலாவதில்தான் ஆர்வம்.

போகிற வழியெல்லாம் காற்றாலைகள். மனைவி முன் சீட்டில், அவள் மடியில் எங்கள் நாலு வயசு மகள். 'மயில் வந்தா முதல்ல நான்தான் பாப்பேன்' என்று கண்ணாடிக்கு மூக்கைக் கொடுத்தபடி. இது எங்கள் காரில் வழக்கமான ஏற்பாடு. உங்கள் காரிலும் இதே ஏற்பாடுதான் என்று எனக்குத் தெரியும். நெளியாமல் மேலே படியுங்கள்.

பையனின் இரும்புப் பெட்டியை டிக்கியில் ஏற்றிவிட்டு, மகள் கேட்டாளே என்று முதலைப் பண்ணைக்குப் போனோம். தொட்டிக்குள் முதலைகள் வாயைத் திறந்துகொண்டு, நம் ஆபீஸில் மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாரும் இருப்பது போலக் கிடந்தன. மகள் சுவரை எட்டிப் பிடித்ததும், "ஏய்! இறங்கு! கடிச்சிப்புடும்!" என்று மனைவி ஓடிப்போய்த் தூக்கினாள். நானும் ஓடினேன். முதலையோ கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

திரும்பக் காரில் ஏறினோம். மகள் பழையபடி அம்மா மடியில், முன் சீட்டில். பையன் பின்னாலிருந்து தலையை நீட்டி, "மாமா, டேஷ்போர்டுக்கு எதுக்குப் பொட்டு?" என்றான்.

"திருஷ்டிக்குடா."

அவன் சிரிக்கவில்லை. சைனிக் பள்ளியில் சேர்த்ததிலிருந்து அவனுக்கு இந்த வியாதி. கையை நீட்டிப் பொட்டைப் பிய்த்தான். கீழே ஆரஞ்சு விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"மாமா, இது எரிஞ்சா ஏர்பேக் சிஸ்டம் லீவ் லெட்டர் குடுத்திருக்குன்னு அர்த்தம். எத்தனை நாளா லீவ்ல இருக்கு?"

"ரெண்டு மாசம்."

"யார் சாங்ஷன் பண்ணாங்க?"

என் மனைவி ஜன்னல் வழியாக மயில் பார்க்க ஆரம்பித்தாள்.

பையன் சொன்னதையும், பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிவது சும்மா அழகுக்கு இல்லை. காருக்கு நடுவில், கியர் இருக்கிற மேட்டுக்கு உள்ளே, ஒரு டப்பா இருக்கிறது. அதுதான் ஏர்பேக் கன்ட்ரோலர். ஒவ்வொரு தடவை காரைக் கிளப்பும்போதும் அது தன் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஆஜர் எடுக்கிறது. முன்பக்க சென்சார் இருக்கியா? இருக்கேன். டிரைவர் பை? இருக்கேன். பாஸஞ்சர் பை? பெல்ட் பக்கிள்? எல்லாரும் 'உள்ளேன் ஐயா' சொன்னால் விளக்கு அணையும். ஒருத்தர் வாய் திறக்காவிட்டாலும் அணையாது. சில கார்களில் அந்த ஒரு பகுதி மட்டும் வேலை செய்யாது, சிலவற்றில் மொத்த சிஸ்டமும் ஒதுங்கிவிடும். மோதுகிற நேரத்தில் பை வருமா என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள்.

இதில் இன்னொரு சூட்சுமம். சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியவே இல்லையென்றாலும் கோளாறுதான். செகண்ட் ஹாண்ட் கார் வாங்கப் போகிற தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளவும். பெயின்ட்டைத் தடவிப் பார்த்து டயரை உதைப்பதற்கு முன், சாவியைத் திருப்பி அந்த விளக்கைப் பாருங்கள். எரிந்து அணைந்தால் ஒரு நல்ல அறிகுறி. எரியாவிட்டால், யாரோ ஏற்கெனவே எங்களை மாதிரிப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

திரும்புகிற வழியில் உடுமலையைத் தாண்டி ரோட்டோரம் ஒரு பட்டறை. இளைஞர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். காரில் எந்தக் கருவியையும் மாட்டவில்லை.

"ஏர்பேக் லைட்டுங்களா? அஞ்சு நிமிசம்ங்ணா. ரெண்டு ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு சொருகி விட்டுட்டா லைட்டு போயிரும். இல்லாட்டி அந்த லைட்டையே கழட்டி விட்ரட்டுங்களா?"

"கோளாறு என்னன்னு பாக்க வேண்டாமா?"

"லைட்டு எரியறதுதானுங்களே கோளாறு!"

அவர் மேல் கோபமே வரவில்லை. நாங்கள் வைத்ததும் அதே ரெசிஸ்டர்தானே, வட்டமாக, சிவப்பாக!

அந்த இரண்டு ஓம் என்ன கணக்கு என்றால், ஏர்பேக்கை வெடிக்க வைக்கிற சின்னத் திரியின் மின்தடை கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். இரண்டு, இரண்டரை, மூன்று ஓம். கன்ட்ரோலர் பொசுக்கு மின்சாரம் அனுப்பி அந்தத் தடையை அளந்து, 'பை இருக்கிறது' என்று முடிவு செய்கிறது. அந்த இடத்தில் கடையில் கிடைக்கிற ரெசிஸ்டரைச் சொருகினால், பை இருப்பதாக நம்பி விளக்கை அணைத்துவிடும். மோதும்போது வெடிக்கச் சொல்லி உத்தரவு போகும். ரெசிஸ்டர் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.

மறுநாள் திருப்பூரில் பையனையும் கூட்டிக்கொண்டு ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபது வயதிருக்கும். காரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

"எப்ப இருந்துங்க தம்பி எரியுது?"

"ரெண்டு மாசமா, ணா."

"அதுக்கு முந்தி என்ன பண்ணுனீங்க? வண்டிய உள்ள தண்ணி விட்டுக் கழுவுனீங்களா? சீட்டக் கழட்டுனீங்களா? எங்கியாச்சும் இடிச்சீங்களா? எலித் தொல்லை இருக்குதுங்களா?"

டாக்டரிடம் போனால்கூட இத்தனை கேள்வி கிடையாது. அவர் கேட்டதில் ஒன்றும் வீண் இல்லை என்று பிற்பாடு புரிந்தது. ஹோஸ் பைப்பில் உள்ளே தண்ணீர் அடித்தால் கார்ப்பெட்டுக்குக் கீழே ஈரம் நின்று, சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டரில் பச்சையாகக் களிம்பு ஏறும். எலிக்கு ஒயர் என்றால் முறுக்கு. யோசித்துப் பார்த்தேன். இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு பையருக்குக் காட்ட சாம்பிள் மூட்டை ஏற்றிப் போனது ஞாபகம் வந்தது. சொன்னேன். 'ஓஹோ' என்று மட்டும் சொன்னார்.

அடுத்து ஸ்கேனரை மாட்டினார். கடையில் சல்லிசாகக் கிடைக்கிற ஸ்கேனர்களில் பல, இன்ஜின் கோளாறை மட்டும்தான் படிக்கும், ஏர்பேக்கை எட்டிப் பார்க்காது. அதனால் 'நான் ஸ்கேன் பண்ணிட்டேன், ஒண்ணுமில்லை' என்று யாராவது சொன்னால், எதைக் கொண்டு ஸ்கேன் செய்தார் என்று கேளுங்கள். இவருடையது ஏர்பேக் படிக்கிற ஜாதி. திரையில் ஒரு கோடு வந்தது. முன் பயணி சீட் பெல்ட் பக்கிள் சர்க்யூட், மின்தடை வரம்பை மீறியிருக்கிறது.

"அழிச்சிடுங்கணா" என்றேன்.

"அழிக்கறது கடைசிலீங்க. மொதல்ல எழுதி வெச்சுக்கோணும். இப்ப இருக்கற ஃபால்ட்டா, எப்பவோ வந்து போன ஃபால்ட்டான்னு பாக்கோணும். கோடு வந்து, அந்தச் சாமான் கெட்டுப் போச்சுன்னு சொல்லாதுங்க. அந்த ரோட்ல ஏதோ தகராறுன்னு மட்டுந்தான் சொல்லும். ரோடு நெடுக நாமதான் நடந்து பாக்கோணும்."

இதை அறியாமல் கோடு காட்டிய பாகத்தையே புதிதாக வாங்கி மாட்டி, பல ஆயிரம் செலவழித்து, மறுநாள் அதே விளக்கைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. இருபது ரூபாய் ஒயர் பிரச்னையாக இருக்கும்.

பேட்டரி கனெக்ஷனைக் கழற்றினார். உடனே சீட்டுக்கு அடியில் குனிவார் என்று பார்த்தால், "வாங்க, டீ குடிக்கலாம்" என்றார். கழற்றிய பிறகும் கன்ட்ரோலருக்குள் இருக்கிற கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்குமாம். விபத்தில் பேட்டரி நசுங்கிவிட்டாலும் பை வெடிக்க வேண்டுமே, அதற்காக வைத்த சேமிப்பு. அது வடிய மூன்று நிமிஷமாவது விட வேண்டும். சில கார்களுக்கு அதற்கும் மேல், எவ்வளவு என்று அந்தந்தக் காரின் புத்தகத்தில் போட்டிருக்கும்.

டீ ஆறுவதற்குள் உங்களுக்கு ஒரு கதை.

1952. அமெரிக்காவில் பென்சில்வேனியா. ஜான் ஹெட்ரிக் என்று ஒரு இன்ஜினீயர். ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு காரில் உலா. முன் சீட்டில் அவர், மனைவி, இருவருக்கும் நடுவில் 7 வயசு மகள். திடீரென்று ரோட்டில் பெரிய கல். பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்ததில் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அந்த ஒரு நொடியில் அப்பா, அம்மா இரண்டு பேருமே அனிச்சையாக ஒரு கையை நீட்டி, குழந்தை முன்னால் போய் மோதாமல் தடுத்தார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் ஹெட்ரிக்குக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கைக்குப் பதிலாக ஏதாவது ஒன்று டேஷ்போர்டிலிருந்து தானாக வந்து தாங்கினால் என்ன? உட்கார்ந்து படம் போட்டார். 1953-ல் பேடன்ட் கிடைத்தது. அதுதான் ஏர்பேக்.

ஐடியா வந்துவிட்டது, சென்சார்? மோதிவிட்டோம் என்பதைக் கண் சிமிட்டுவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். குழியில் இறங்கினாலும், பிரேக் போட்டாலும் ஏமாறக் கூடாது. 1960-களின் கடைசியில் ஆலன் பிரீட் என்கிற அமெரிக்கர் அதற்கு எளிதாக ஒரு வழி செய்தார். ஒரு குழாய், உள்ளே ஒரு குண்டு, அதைப் பிடித்து வைக்க ஒரு காந்தம். வண்டி பலமாக மோதினால் குண்டு காந்தத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு முன்னால் ஓடி இரண்டு முனைகளைத் தொடும். கரண்ட் பாயும், பை வெடிக்கும். கோலிகுண்டு ஆடிய யாருக்கும் புரியும். இப்போது அந்த வேலையைக் கடுகு சைஸ் சிலிக்கன் சில்லு செய்கிறது. மோதிய பிறகு விநாடியில் நூறில் இரண்டு மூன்று பங்கு நேரத்துக்குள் முடிவு, அடுத்து அதே அளவு நேரத்துக்குள் பை முழுசாக விரிந்தாக வேண்டும்.

அந்தப் பை நைலான் 66 துணி. நம் ஊர் நிட்டிங் சமாசாரம் இல்லை, நெருக்கி நெய்த நெசவுத் துணி. பனியன் துணி இழுத்தால் நீளும், இது நீளக் கூடாது. தைக்கும்போதே விட்ட ஓட்டை வழியாகத்தான் காற்று போக வேண்டும். பாஸஞ்சர் பக்கத்துப் பை, டிரைவர் பக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிசு. மணிக்கு சுமார் 300 கிலோ மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. இந்த வேகத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன். டீ ஆறிவிட்டது.

அண்ணன் டார்ச்சோடு சீட்டுக்கு அடியில் படுத்தார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு மடக்குக் குடை. பாதி முறுக்கு. பையருக்குக் காட்டாமல் போன ஒரு ரவுண்ட் நெக் சாம்பிள். ஒரு மெழுகுக் கலர் பென்சில். மகளுடைய செருப்பு, இடது கால் மட்டும். கடைசியாக, "இங்க பாருங்க" என்றார்.

மஞ்சள் கனெக்டர். ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஒயர்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பார்கள், தெரியாத்தனமாகக் கை வைக்காமல் இருக்க. அது பாதி கழன்று தொங்கியது. நான் குடையையும் சாம்பிளையும் உள்ளே திணித்தபோது ஒயரை இழுத்திருக்கிறேன். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த இன்னும் கொஞ்சம் கழன்றிருக்கிறது. ஒரு முனை நெளிந்திருந்தது.

"மீட்டர் வெச்சுப் பாக்க மாட்டீங்களா?" என்று பையன் கேட்டான்.

"பக்கிள் ஒயர்ல வெச்சுப் பாக்கலாம் கண்ணு. பைக்குப் போற ஒயர்ல வெக்கவே படாது. மீட்டர்ல இருந்து போற துளி கரண்டே திரியப் பத்த வெச்சாலும் வெச்சுரும். அங்க சந்தேகம்னா, பையக் கழட்டி வெச்சுட்டு அது எடத்துல ரெசிஸ்டரச் சொருகிப் பாப்போம். லைட்டு போச்சுன்னா ஒயரு நல்லாருக்குது, பையிலதான் கோளாறு. போகலீன்னா ஒயர்ல கோளாறு. பாத்துட்டு ரெசிஸ்டர எடுத்துருவோம். அதுக்குத்தான் அது."

உடுமலை இளைஞர் சொன்ன அதே ரெசிஸ்டர்! அவர் அதை விட்டுவிட்டுப் போவார், இவர் எடுத்துவிடுவார்.

முனையை நிமிர்த்தி, துடைத்து, 'க்ளிக்' சத்தம் கேட்கிற வரை அழுத்தி, ஒயரை சீட் தண்டவாளத்தில் மாட்டாதபடி கட்டினார். பிறகு பெல்ட் பக்கிளைப் பார்த்தார். அதில் நான் போட்டிருந்த டம்மி கிளிப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அதுவும் சாம்பிள் மூட்டையால் வந்த வினைதான். மூட்டையைப் பக்கத்து சீட்டில் வைத்தால், 'பெல்ட் போடு' என்று கார் கத்தும். மூட்டைக்குப் பெல்ட் போடுவானேன் என்று ஒரு கிளிப் வாங்கிச் சொருகியிருந்தேன். மூட்டை இறங்கியது, கிளிப் இறங்கவில்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டு, இந்த மாதிரி கிளிப் விற்கிற 13,118 அறிவிப்புகளை எடுக்க வைத்தது. நம் கணக்கில் அதெல்லாம் ஏறவில்லை. கிளிப் இருக்கிற வரை, பெல்ட் போட்டாயிற்று என்று கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டிருக்கும். பெல்ட் இல்லாத ஆசாமி பிரேக் போட்டதும் முன்னால் சரிந்திருப்பார். பை விரிகிற இடத்தில் அவர் முகம் இருக்கும்.

அண்ணன் கிளிப்பைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். பேட்டரியை மாட்டி, கோடை அழித்து, சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... அணைந்தது. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது.

பர்ஸை எடுத்தேன். அவர் பணத்தை வாங்காமல், கீழே கிடந்த அந்தக் குட்டிச் செருப்பை எடுத்தார்.

"இது யாருதுங்க?"

"என் பொண்ணுது."

"முன் சீட்லயா உக்காரும்?"

"அம்மா மடியில உக்காரும்."

"இத்தன நாளு அந்தப் பை வந்தாலும் வந்திருக்கும், வராமயும் போயிருக்கும். இன்னைலருந்து கண்டிப்பா வரும். நான் சரி பண்ணிப் போட்டனல்லங்க? இனிமேத்தான் தம்பி நீங்க சாக்கிரதையா இருக்கோணும்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தேன்.

மணிக்கு 300 கிலோ மீட்டர். பெல்ட் போட்டு, சாய்ந்து உட்கார்ந்திருக்கிற பெரிய ஆளின் நெஞ்சுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. அம்மா மடியில் இருக்கிற குழந்தை டேஷ்போர்டுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருக்கிறது. தலை, கழுத்து எல்லாம் பை வருகிற பாதையில். பின்னாலிருந்து அம்மாவின் எடை, முன்னாலிருந்து பை. 2024-ல் கேரளாவில் மலப்புரம் பக்கம் 2 வயசுக் குழந்தை, முன் சீட்டில் அம்மா மடியில். 2025-ல் நம் திருப்போரூர் அருகே 7 வயசுப் பையன், அப்பா மடியில். இரண்டிலும் பெரியவர்கள் பிழைத்தார்கள். ஹெட்ரிக்கின் மகளுக்கும் 7 வயசு என்று மேலே எழுதினேன். அந்த வயசைக் காப்பாற்ற வரைந்த படம் அது.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தை முன்பே படித்தார்கள். 1990-லிருந்து 2008 வரை, மெதுவான மோதல்களிலேயே பை விரிந்த வேகத்தால் இறந்தவர்கள் 290-க்கு மேல். இதைப் படித்துவிட்டு ஏர்பேக்கே வேண்டாம் என்று கிளம்பாதீர்கள். 2017 வரை அங்கே முன் ஏர்பேக்குகள் காப்பாற்றிய உயிர்கள் 50,000-க்கு மேல் என்பதும் அவர்கள் கணக்குதான். ஆனாலும் 290-ஐத் தள்ளுபடி செய்யாமல் சட்டம் போட்டார்கள். பாஸஞ்சர் சீட்டுக்கு அடியில் எடை பார்க்கிற சென்சார். குழந்தை என்றால் பையை நிறுத்தி, 'பாஸஞ்சர் ஏர்பேக் ஆஃப்' என்று விளக்குப் போடும். 2003-க்குப் பிறகு படிப்படியாக எல்லாக் கார்களுக்கும் வந்தது.

அந்த சென்சாரும் கடவுள் இல்லை. 2023 டிசம்பரில் டொயோட்டா சுமார் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சென்சாரில் ஷார்ட் ஆகி, பை தேவைப்படும்போது வராமல் போகலாம் என்று. 2024 பிப்ரவரியில் ஹோண்டா அமெரிக்காவில் ஏழரை லட்சம் கார்களை அழைத்தது. சீட் எடை சென்சார் விரிசல் விட்டு ஷார்ட் ஆகி, குழந்தைக்கு நிறுத்த வேண்டிய பையை நிறுத்தாமல் விடலாம் என்று. சீட்டில் யார் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமான வேலை.

நம் ஊரில்? டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து கட்டாயம். பாஸஞ்சர் ஏர்பேக் புது மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த வருஷக் கடைசி வரை அவகாசம் கொடுத்தார்கள். 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களின் ஏர்பேக் கன்ட்ரோலரைச் சோதித்து மாற்றித் தருவதாகத் திரும்ப அழைத்ததும் நடந்தது. (உங்கள் காருக்கு அந்த மாதிரி அழைப்பு ஏதும் உண்டா என்று சேஸிஸ் நம்பரை வைத்துக் கம்பெனியில் கேட்கலாம். காசு வாங்க மாட்டார்கள்.) ஆனால் எடை பார்த்துக் குழந்தையைக் கண்டுபிடிக்கிற அந்த சென்சார் நம் சாதாரண பட்ஜெட் கார்களில் பொதுவாக இல்லை. நமக்கு சீட்டுக்குள் இருப்பது பெல்ட் போடச் சொல்லிக் கத்துவதற்கான ஒரு பாய் மட்டும். ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். உட்கார்ந்திருப்பது மனைவியா, மனைவி மடியில் மகளா, ரவுண்ட் நெக் சாம்பிளா என்று தெரியாது. சில கார்களில் பாஸஞ்சர் பையைச் சாவி போட்டு நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது. என் காரில் இல்லை.

ஆகவே சீட்டில் யார் என்று பார்க்கிற வேலை என்னுடையது. ரெண்டு மாசமாக அந்த சென்சாரும் ரிப்பேர்.

"அப்ப லைட்டு எரிஞ்சது நல்லதுதானா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"அப்பிடியும் நெனக்காதீங்க. பை வராட்டி உங்க சம்சாரம் போயி டேஷ்போர்டுல மோதும், நடுவுல கொழந்தை. ரெண்டுக்கும் பதிலு ஒண்ணுதானுங்க. பெரியவங்க முன்னால பெல்ட்டோட, கொழந்தை பின்னால பெல்ட்டோட."

கிளம்பும்போது டேஷ்போர்டின் இடது பக்கம் டபுள் டேப் போட்டு ஒட்டியிருந்த பிள்ளையாரையும் இடம் மாற்றச் சொன்னார். அவர் உட்கார்ந்திருந்தது பாஸஞ்சர் ஏர்பேக் மூடியின் மேல். பை வந்தால் பிள்ளையார் முதலில் வருவார், அதுவும் மூஞ்சூறில் இல்லை.

பையன் முன் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, வெயிலுக்கு மறைப்பை இறக்கினான். அதில் ஒரு படம் ஒட்டியிருந்தது. குழந்தை, விரிந்த பை, மேலே சிவப்பாக ஒரு குறுக்குக் கோடு.

"இங்கேயே போட்டிருக்கு மாமா."

வாங்கிய நாளிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதை இறக்கி அதன் கண்ணாடியில் தலை வாரியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பேசாமல் கேட்டாள். முதலைத் தொட்டியிலிருந்து மகளைத் தூக்கியபோது முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. அன்று சாயந்திரம் அவிநாசி கோயிலுக்குக் கிளம்பியபோது, எதுவும் சொல்லாமல் பின் கதவைத் திறந்து, மகளை உட்கார வைத்துப் பெல்ட்டைப் போட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். குழந்தைக்குத் தனி சீட் வாங்க இந்த மாச பட்ஜெட்டில் இடம் ஒதுக்கியாயிற்று. நான் முன்னால் தனியாக, கால் டாக்ஸி டிரைவர் மாதிரி. இரண்டு சிக்னலில் ஆட்கள் கைகூடக் காட்டினார்கள்.

மகளுக்குத்தான் பயங்கரக் கோபம். "நான் எப்ப முன்னாடி உக்காரலாம்?"

"பன்னண்டு வயசு முடியட்டும்."

விரல் விட்டு எண்ணினாள். "இன்னும் எட்டு."

அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் கேட்கிறாள்: "இன்னும் எட்டுதானா?"